அசனச் சோற்றின் பாரம்

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு கோயிலும், அந்தக் கோயிலுக்கு ஒரே ஒரு மணியும், அந்த மணி அடித்தால் சட்டியும் பிள்ளையுமாக ஓடி வருகிற முந்நூறு வயிறும் இருந்த காலத்திலே, 'ம்' கொட்டுகிறவர்கள் கொட்டுங்கள், கொட்டாதவர்கள் தூங்குங்கள், தேரிக்காட்டுச் செம்மணல் காற்றில் ஏறி வந்து கூரையில் உட்கார்ந்து மறுபடி இறங்கிப் போகிற கிருபைவிளையிலே, எப்சிபாய் என்று ஒரு தையல்காரி இருந்தாள்.

அப்போது அவள் ஈர்க்குச்சிக்குச் சேலை சுற்றினதுபோல் இருப்பாள். கோயிலுக்குத் தெற்கே ஓட்டு வீடு. சன்னலோரத்தில் தையல் மிஷின். ஊரிலுள்ள அத்தனை பெண்களின் தோளும் இடுப்பும் அவள் விரலுக்கு மனப்பாடம். பக்கத்தில் அம்மா அன்னத்தங்கம் வலது காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருப்பாள். அந்தக் காலின் அடியில் சர்க்கரைப் புண் ஒன்று ஆறாமல் கிடந்தது. அன்னத்தங்கத்தின் அண்ணனுக்கும் இப்படித்தான் ஒரு புண் வந்து, முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலோடு எடுத்தார்கள், கடைசியில் மீந்திருந்த ஆளைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஆகையால் அன்னத்தங்கம் தன் புண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனைத்தான் பார்த்தாள்.

அந்த வருஷத்து அசனம் வந்தது. அசனம் என்றால் சபைச் சாப்பாடு. வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, நேர்ச்சைக் கிடாய்கள் வந்து சேர்ந்து, முந்தின நாளே பெண்கள் கூடி வெங்காயம் உரித்து ஊர்க்கதை பேசி, ஆண்கள் அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டி, ஆராதனை முடிந்ததும் பனையேறியும் பண்ணைக்காரரும் கோயில் முற்றத்துப் பந்தலில் ஒரே வரிசையாக உட்கார்ந்து தின்கிற சாப்பாடு. தின்றது போக மீந்ததைச் சட்டியில் வாங்கிப்போய் மறுநாளும் சுண்டவைத்துத் தின்கிற சாப்பாடு. ஆனால் அந்த வருஷம் பந்தலில் ஒரு பயம் இருந்தது. முந்தின வாரம்தான் டவுனிலிருந்து மருத்துவ முகாம் வந்து, விரல் விரலாகக் குத்திப் பார்த்து, ஊரில் பாதிப்பேருக்குச் சர்க்கரை, மீதிப்பேருக்குப் பிரஷர், ரெண்டும் இல்லாதவர்களுக்குக் கொழுப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சனங்கள் கறிக்குழம்பின் ஆவியைக் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஊரோடு தங்கி ஜெபம் நடத்துகிற உபதேசியார் பாக்கியநாதன் நெஞ்சு இளகின மனுஷன். அந்த முகங்களைப் பார்த்தார். கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தச் சோத்தின் ருசிய எங்களுக்குத் தாரும். இதன் பாரத்த எங்களை விட்டு எடுத்துப்போடும்" என்று ஜெபித்தார். எடுத்து எங்கே போடவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. ஊரே "ஆமென்" என்றது. ஆராதனை நீண்டுபோய்ப் பசி காதை அடைத்த நேரம். அப்படியொரு ஆமெனை அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து கேட்டதில்லை. பனையிலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்து, மறுபடி உட்கார இடம் தெரியாமல் சுற்றின.

ஆமென் சொல்லாதவள் ஒருத்திதான். பல சபைகள் சேர்ந்த சேகரத்திலிருந்து வந்திருந்த குருவானவர் ஐயரின் வெள்ளை அங்கி ஓடைமுள்ளில் மாட்டிக் கிழிந்துபோனதால், எப்சிபாய் கோயில் பின்னறையில் உட்கார்ந்து அதன் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நூல் இருந்தது. நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் பந்தியில் சோறு விழுகிற சத்தம் கேட்டுவிட்டது.

அன்றைக்கு ஊர் மூன்று தடவை வாங்கித் தின்றது. யாருக்கும் நெஞ்சு கரிக்கவில்லை. யாருக்கும் கண் சொக்கவில்லை. தின்ற சோறு நாக்கோடு நின்றுவிட்டு, அதற்குமேல் உடம்பை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்கு வந்தார்கள். "ஏட்டி எப்சி, இத ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சிக் குடு. என்னமோ தொளதொளன்னு தொங்குது." எப்சிபாய் பிடித்துக் கொடுத்தாள். பிடித்துக் கொடுக்கிற கை கனத்தது. தன் ஜாக்கெட்டை மாட்டிப் பார்த்தால் கை நுழையவில்லை. உள்பக்கம் விட்டிருந்த துணியைப் பிரித்து ஒரு தையல் வெளியே தள்ளினாள். அடுத்த வாரம் இன்னொரு தையல் தள்ளினாள். தள்ளத் துணியில்லாத அன்று புதிதாக வெட்டினாள்.

அடுத்த வீட்டு லில்லிப்பூ தன் மகள் கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போட்டபோதுதான் விஷயம் வெளிச்சமானது. அன்றைக்கு எப்சிபாய் காய்ச்சலில் கிடந்து, ஒரு கும்பா கஞ்சித் தண்ணீர்தான் குடித்தாள். கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தி எழும்புகிற நேரத்துக்கு, இங்கே பாயில் படுத்திருந்தவளுக்குத் தோள்தையல் 'டப்' என்று தெறித்தது. அன்னத்தங்கம் பார்த்தாள். மகளையும் பார்த்தாள், தன் காலையும் பார்த்தாள். அடிப்பாதத்துப் புண் வாய் மூடி, ஓரத்தில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் வந்திருந்தது.

கிருபைவிளை ஆச்சரியப்படவில்லை. ஊர்த் தீனி ஒருத்தி உடம்பில் போய்ச் சேருகிறது என்று தெரிந்ததும், கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது என்று தெரிந்ததுபோல் அதையும் தெரிந்துகொண்டது.

"ஊருப் பாரத்த ஒராளு சுமக்கிறது நமக்குத் தெரியாத கதையா வே?" என்றார் கமிட்டித் தலைவர் மாசிலாமணி. கருப்பட்டி மொத்த வியாபாரி அவர்; முந்தி வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், இப்போது மடித்துக் கட்டின வேட்டியில் குமரனைப்போல் நடந்தார்.

"அவிய தானா முன்வந்து சிலுவையச் சுமந்தாவ," என்றார் உபதேசியார் மெதுவாக. "இந்தப் பிள்ளைகிட்ட நாம கேக்கவே இல்லியே."

"கேட்டா மாட்டேன்னா சொல்லுவா? நம்ம பிள்ளதான."

அடுத்த அசனத்தில் உபதேசியார் அந்த வரியை விட்டுவிட்டு ஜெபித்துப் பார்த்தார். ஊர் ஆமென் சொல்லாமல் இருமியது. மாசிலாமணி ஒரு கண்ணைத் திறந்து, "ஒண்ண விட்டுட்டீரு" என்றார். உபதேசியாரின் பெண்டாட்டிக்கும் சர்க்கரைதான். அவர் அந்த வரியையும் சேர்த்தார். ஆமென் இடித்தது. அந்த ஆமெனில் எப்சிபாயின் குரல்தான் உச்சியில் கேட்டது. தானும் சொல்லிவிட்டால் பாரம் தன்னையும் விட்டுவிடும் என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஆனால் தண்ணீர் ஒரு தடவை பள்ளம் பார்த்து ஓடிவிட்டால் பிறகு அதுதானே அதற்கு வழி. அன்று மாலை அவளுக்குச் செருப்பு வார் அறுந்தது.

இப்படியே வருஷங்கள் போயின. ஊர் மாத்திரையை விட்டது. தேயிலையில் சீனி ரெண்டு கரண்டி ஏறியது. முன்பு பண்டிகைக்கு மட்டும் சுட்ட முந்திரிக்கொத்தைச் சும்மா செவ்வாய்க்கிழமைகூடச் சுட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் அசனத்துக்கு வந்து ஆமென் சொல்லிவிட்டு, ஒரு வாரம் தங்கித் தின்று, வந்ததைவிட மெலிந்து புருஷன் வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கிருபைவிளைப் பெண்களின் இடுப்பைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள். எப்சிபாயோ சன்னலை நிறைத்தாள், பிறகு வாசலை நிறைத்தாள், மிஷின் மிதிக்க முழங்கால் மடங்காமல் மோட்டார் வைத்துக்கொண்டாள், பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள், அந்தக் காப்பியின் சீனியும் ஊர்க்கணக்கில் அவள்மேலேயே ஏறியதோ என்னமோ, படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது.

ஊர் அவளைப் பாராட்டவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. கோயிலில் அவள் உள்ளே வந்தால், "பெஞ்சுக் கால பாத்துக்கிடுங்கப்போ" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். சிரிப்பு ஞானப்பாட்டுக்குள் கலந்து போய்விடும். யார் சிரிப்பென்று அவளுக்குத் தெரியும். சட்டையை அளவெடுத்தவளுக்கு நெஞ்சு குலுங்குகிற அளவு தெரியாதா? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று லில்லிப்பூ ஒரு படி கொள்ளு கொண்டுவந்து கொடுத்தாள், கொடுக்கும்போது மடியிலிருந்து அதிரசம் எடுத்துக் கடித்துக்கொண்டே.

"வாயக் கட்டணும்ட்டி. மனசு வேணும். என்னப் பாரு, எவ்வளவு திங்கேன், எப்படி இருக்கேன்? எல்லாம் மனசுதான்."

"நீ திங்கிறது எங்க போவுதுன்னு உனக்குத் தெரியாதா சித்தி?"

"அது கெடக்கட்டும். நீ காலம்பற வெந்நீர் குடி."

இதுதான் இந்தக் கதையிலேயே விளங்காத இடம். எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் எல்லாரும் அவளையே வாயைக் கட்டச் சொன்னார்கள். அதைவிட விளங்காதது, அவளும் கட்டினாள் என்பது. ஒரு நேரம் கஞ்சி, ஒரு நேரம் பட்டினி என்று கிடந்து பார்த்தாள். கண் இருட்டியது, கை நடுங்கி ஊசி விரலில் ஏறியது, எடை இறங்கவில்லை. டவுனில் ஒரு வைத்தியர், அவள் உட்காருவதற்கு முன்னாலேயே, "சோத்தக் குறைங்க" என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவள் எந்த வைத்தியரிடமும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில், மூச்சு வாங்கி மணலில் உட்கார்ந்தவளால் எழும்ப முடியாமல் போய், நாலு பேர் கட்டிலில் கிடத்தித் தூக்கி வேனில் ஏற்றித் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் டாக்டர் ஃபசீலாவைப் பார்த்தாள்.

காயல்பட்டினத்துப் பெண் அந்த டாக்டர். முதலில் ஒரு அகலமான, கையில்லாத நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொன்னார். எப்சிபாய் உட்கார்ந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார். தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, திணறி எழும்புவீர்களா, முழங்கால் எப்போதிருந்து, மாதவிலக்கு ஒழுங்கா, வீட்டில் வேறு யாருக்கு, என்ன வேலை, என்ன கவலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 'என்ன தின்கிறீர்கள்' என்பதைக் கடைசியில்தான் கேட்டார். அதற்குள் எப்சிபாய் அழுதுவிட்டிருந்தாள்.

"நான் ரொம்ப ஒண்ணும் திங்கல டாக்டரம்மா. யாரும் நம்ப மாட்டாவ."

"நான் நம்புறேன். இது நோய், எப்சிபாய். பிரஷர் மாதிரி, ஆஸ்துமா மாதிரி. ஆஸ்துமா உள்ளவங்ககிட்ட 'மனசு வச்சா நல்லா மூச்சு விடலாம்'னு யாரும் சொல்றதில்ல, இல்லையா? உடம்பு ஏறின எடைய லேசுல விடாது. நீங்க பட்டினி கெடந்தா அது பஞ்சம் வந்துட்டுன்னு நெனச்சிப் பசியக் கூட்டும், செலவக் குறைக்கும். உங்க மனசுல பலம் இல்லாததுனால இல்ல. உடம்புக்கு ஞாபகம் ஜாஸ்தி."

அந்தப் பேச்சின் இளக்கத்தில் எப்சிபாய் அசனத்தின் கதையையும் சொன்னாள், ஜெபத்தையும், வாயிலிருந்த நூலையும், கல்யாண வீட்டில் ஊர் தின்னத் தன் தையல் தெறித்ததையும். டாக்டர் ஃபசீலா சிரிக்கவில்லை, உப்பு எவ்வளவு சேர்ப்பீர்கள் என்று கேட்கிற அதே குரலில், "இந்த அசனம் வருஷத்துக்கு ஒண்ணா, ரெண்டா? கல்யாண மாசத்துல எப்படி?" என்று கேட்டார். சீட்டில் அதையும் எழுதிக்கொண்டு, "எல்லார் உடம்புலயும் கொஞ்சம் ஊரு இருக்கத்தான் செய்யுது. உங்களுக்கு அது நேராவே வருது, அவ்வளவுதான். வைத்தியத்துல ஊரும் சேரணும்" என்றார்.

அங்கேயிருந்து எப்சிபாய்க்கு நல்ல காலம் ஒன்று வந்தது, சின்னதாக. பட்டினியை டாக்டர் நிறுத்தினார். காலையில் முட்டை, பயறு, மத்தியானம் மீனும் கீரையும் கொஞ்சம் சோறும் என்று நேரத்துக்குச் சாப்பிட வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகால் ஆட்டச் சொல்லிக்கொடுத்தார். படுக்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மூச்சு மிஷின் வாங்கிக்கொடுத்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவள் கனவு காணுமளவுக்குத் தூங்கினாள். மாத்திரைகள் கொடுத்தார். நூற்றில் ஐந்து பங்கு இறங்கினாலே முழங்காலும் நெஞ்சும் நன்றி சொல்லும் என்றார், அவை சொல்லவும் செய்தன: ஈஸ்டருக்கு முந்தின தவசு நாட்களில் ஊர் வாயைக் கட்டியிருந்த வாரங்களில், அவள் வீட்டிலிருந்து கோயில் வாசல்வரை நிற்காமல் நடந்தாள். ஈஸ்டர் வந்தது, ஊர் தின்றது, மறுபடி வாசற்படியில் நின்றாள்.

டாக்டர் ஃபசீலா ஊருக்கே வந்து கோயில் முற்றத்தில் பேசினார். பருமன் குற்றமில்லை, நோய் என்றார். கேலி பேசினால் எடை இறங்காது, ஆஸ்பத்திரிக்கு வருகிற கால்தான் நிற்கும் என்றார். எப்சிபாயைக் காட்டி, இவருக்கு இரைப்பையைச் சிறிதாக்குகிற அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த மாசம் மெடிக்கல் காலேஜில் நாள் வாங்கியிருக்கிறேன், அதற்குள் எடை இன்னும் கொஞ்சம் இறங்கவேண்டும், போன வருஷம்போல் இன்னொரு அசனத்தை இவர் இருதயம் தாங்காது, சாவு வந்துவிடும் என்று ஒளிக்காமல் சொன்னார். ஊர் கவனமாகக் கேட்டது. நடுவில் முறுக்கும் மஸ்கோத் அல்வாவும் தட்டில் வந்தன, டாக்டர் தொடவில்லை, ஊர் தொட்டது. மாசிலாமணி பொன்னாடை போர்த்தி நன்றி சொன்னார். டாக்டரின் கார் மணலைக் கிளப்பிக்கொண்டு போனதும் எப்சிபாயிடம் திரும்பி, "டாக்டரம்மா ரொம்பத் தெளிவாப் பேசினாவ. நீதான் அதும்படி நடக்கணும்" என்றார்.

அசனம் நெருங்கியது. எப்சிபாய் கமிட்டிக்கு முன்னால் போய் நின்றாள். நிற்பது கஷ்டம், ஆனாலும் நின்றாள்.

"இந்த ஒரு வருஷம் கறி வேண்டாம் மாமா. எல்லாருமாக் கஞ்சி குடிப்போம். நான் பொழச்சிக்கிடுவேன்."

"கெடா எல்லாம் நேந்துவிட்டாச்சேம்மா. நேர்ச்சைய மாத்தலாமா?" என்றார் மாசிலாமணி.

"அப்ப அந்த ஜெபத்த மாத்துங்க."

அதுவரை மூலையில் இருந்த உபதேசியார் எழுந்தார். "ஜெபிச்சது நான். ஆனா ஊரே ஆமென் சொல்லித்தான் அது ஏறுச்சி. இறக்கணும்னாலும் ஊரே ஆமென் சொன்னாத்தான் இறங்கும். இந்தத் தடவ எப்சியே ஜெபிக்கட்டும். எங்க போடணும்னு அவளே சொல்லட்டும்."

கமிட்டி முன்னால் வேண்டாம் என்று சொல்ல மாசிலாமணிக்கு வாய் வரவில்லை. "அதுக்கென்ன, நம்ம பிள்ளதான" என்றார். ஆனால் 'எங்க போடணும்னு அவளே சொல்லட்டும்' என்ற வார்த்தை அவர் வீடுபோய்ச் சேருவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வாரம் போல ஒரு வாரத்தை எப்சிபாய் கண்டதில்லை. லில்லிப்பூ வந்து தோசைக்கல் அளவுக்கு முகத்தை விரித்துச் சிரித்து, "பெஞ்சுக் கால்னு நான் என்னைக்காவது சொல்லிருக்கனாட்டி? அது எங்க வீட்டு மனுஷன். பேரச் சொல்லுததுன்னா அவியபேரச் சொல்லு, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்" என்று புருஷனை அங்கேயே கிடாயாக நேர்ந்துவிட்டுப் போனாள். முன்பு சிரித்த ஆண்கள் சன்னலைக் கடக்கும்போது துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்கள். மாசிலாமணி ஆள்விட்டு அகலமான நாற்காலி ஒன்று செய்து அனுப்பினார். எப்சிபாய் அதில் உட்கார்ந்து தைத்தாள். தைக்கும்போது ஒவ்வொரு பேராக நாக்கில் வைத்துப் பார்த்தாள். மாசிலாமணி என்ற பேரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தாள். அந்த வேட்டிக்கட்டு அவிழ்ந்து, அந்த நடை நின்று, அந்த ஆள் பெஞ்சில் உட்காரும்போது ஒரு குரல் எழும்புகிறதை நினைக்க இனித்தது. பிறகு அந்த இனிப்பும் யார் உடம்பிலோ ஏறும் என்று தோன்ற, துப்பிவிட்டாள்.

அன்னத்தங்கம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள், இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடி.

அசனத்துக்கென்று எப்சிபாய் தனக்கொரு ஜாக்கெட் தைத்தாள், மாம்பழ நிறத்தில். இத்தனை வருஷமும் தன் ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் நாலு விரல் துணி விடுவாள், பிரித்துத் தள்ளுவதற்கு. இந்தத் தடவை விடவில்லை. ஒட்ட வெட்டி, ஒட்டத் தைத்து, மிச்சத் துணியைக் குப்பையில் போட்டாள்.

மணி அடித்தது. முந்நூறு வயிறும் வந்தன. பந்தலில் இலை விழுந்தது, இலையில் சோறு விழுந்தது, சோற்றின்மேல் கறிக்குழம்பு ஓடி ஓரத்தில் கத்திரிக்காய்க் கூட்டைத் தொட்டு நின்றது. எப்சிபாயைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பந்தலின் தலைமாட்டில் அந்த அகலமான நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றாள். கண்ணை மூடவில்லை. ஊரும் மூடவில்லை, எந்தப் பேர் வருகிறதென்று எல்லாரும் அவள் உதட்டையே பார்த்தார்கள்.

"ஆண்டவரே," என்றாள், "இந்தச் சோத்தின் ருசி எல்லாருக்கும் இருக்கட்டும். இத்தன வருசம் எம்மேல ஏறினது எங்கிட்டயே இருக்கட்டும், அத யாருக்கும் திருப்பிக் குடுக்காண்டாம், அத நானும் டாக்டரம்மாவும் பாத்துக்கிடுதோம். இன்னைக்கிலேருந்து திங்கிறதோட பாரம் மட்டும் அவரவர் தின்ன அளவுக்கு அவரவருக்கே இருக்கட்டும்."

நிறுத்தினாள். பேர் வரவில்லை என்று தெரிந்ததும் பந்தலில் ஒரு பெருமூச்சு எழும்பியது. அவள் சொன்னது என்னவென்று விளங்கியதும் அந்தப் பெருமூச்சு பாதியில் நின்றது.

"ஆமென்" என்றாள் எப்சிபாய்.

ஒரு குரல் எழும்பவில்லை. குழம்பு மட்டும் அண்டாவில் 'ளொப்' என்றது. பனையில் காக்கைகள் அசையாமல் இருந்தன. தாய்மார் மடியிலிருந்த பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், தெரியாத்தனமாக எதையாவது சொல்லிவிடுமோ என்று. உபதேசியார் பாக்கியநாதன் வாயைத் திறந்தார். அவர் பெண்டாட்டி முழங்கையைத் தொட்டாள். திறந்த வாயை அவர் கொட்டாவியாக முடித்தார்.

"ஜெபம் நல்லாத்தான் இருந்துச்சி," என்றார் மாசிலாமணி. "என்ன, நீளம் ஜாஸ்தி." யாரோ சிரித்தார்கள். சிரித்ததும் ஊருக்கு மூச்சு வந்தது. "வெயிலு ஏறுது. பந்தி இன்னைக்கி வேண்டாம்ப்போ. எல்லாரும் சட்டியில வாங்கிட்டு வீட்டுல வச்சி நிம்மதியாச் சாப்பிடுங்க. பழைய ஜெபம் இருக்குல்லா, அது போதும்."

இலையிலிருந்த சோற்றை அண்டாவில் தட்டினார்கள். சட்டியும் வாளியும் தூக்குவாளியுமாக வரிசை நின்றது. எப்போதும் இடித்துக்கொண்டு நிற்கிற வரிசை அன்றைக்கு அமைதியாக, ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றது. வாங்கினவர்கள் அவளைப் பார்க்காமல், ஆனால் பார்க்கவில்லை என்று தோன்றிவிடக் கூடாதே என்று லேசாகத் தலையாட்டிக்கொண்டே கடந்து போனார்கள். லில்லிப்பூ போகும்போது, "நல்ல கலருட்டி ஜாக்கெட்" என்றாள். உபதேசியார் தூக்குவாளியைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, கை வீசாமல், செருப்பையும் மறந்து, வெறுங்காலோடு நடந்தார். வடக்கே முதல் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எப்சிபாய் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அன்னத்தங்கம் நின்றாள். கையில் இரண்டடுக்குத் தூக்கு.

"அம்மா. நீ ஒருத்தியாவது சொல்லேன்."

அன்னத்தங்கம் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, மணலில் பதிந்திருந்த தன் வலது பாதத்தைப் பார்த்தாள்.

"ஒருத்தி சொன்னா இறங்காதாம்லா மக்ளே."

"இறங்காண்டாம். நீ சொல்லு, போதும். எனக்குக் கேக்கணும்."

காற்று வந்தது. இலைகள் கவிழ்ந்தன. அன்னத்தங்கத்தின் உதடு பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மறுபடி பிரிந்தது.

"எங்க அண்ணனக் கடைசியில எப்படிக் கொண்டுபோனாவன்னு உனக்குத் தெரியுந்தான" என்றாள். பிறகு தூக்கின் மூடியை அழுத்திச் சரிசெய்துகொண்டு, "ஒனக்கும் ரெண்டு துண்டு எடுத்து வைப்பேன். டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லிருக்காவளேன்னு பாக்கேன்" என்றாள்.

வடக்கே முதல் வீட்டில் யாரோ முதல் வாய் வைத்திருக்கவேண்டும். எப்சிபாயின் இடது கையில், மாம்பழ நிறத் துணியில், முதல் தையல் 'டப்' என்றது. இருவருக்கும் கேட்டது. அடுத்து இரண்டாவது வீடு. அடுத்து மூன்றாவது. உள்ளே பிரித்துத் தள்ள ஒரு விரல் துணிகூட இல்லை.

"ஆறிட்டா நெஞ்சு கரிக்கும். நான் முன்னால போறேன்" என்றாள் அன்னத்தங்கம், யாரிடம் என்று இல்லாமல். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்கை அடுத்த கைக்கு மாற்றி, நொண்டாமல், சாயாமல், இரண்டு காலும் ஒன்றுபோல் மணலில் பதிய, வீட்டைப் பார்த்து நடந்தாள்.